உன் மொழியில் என் பெயர்

பவி,

நீ பஸ் ஏறிப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. காலேஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு இரண்டு நிமிஷ வீடியோ போட்டாய். எனக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. கோபம் என்று புரிகிறது. நியாயமான கோபம்தான். பஸ் நிலையத்தில் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நீ எனக்கு ஒரு புதுப் பெயர் கொடுத்தாய். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். உன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஏன் வேண்டாம் என்று சொல்ல என் கைக்கு இன்னும் அவ்வளவு வேகம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீளமான தமிழ் வாக்கியம் என்றால் உனக்கு எரிச்சல் என்று தெரியும், இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். இந்த வருஷப் படிப்பு முடிந்ததும் சேலத்துக்குப் பக்கத்தில் நீ டீச்சராகச் சேரப்போகிற பள்ளிக்கூடத்தில், காது கேளாத பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா அப்பாக்கள் வருவார்கள். அவர்களுக்கும் இதைக் காட்டலாம் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டு. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நீ பேசுவது கையால். உங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயரை எழுத்து எழுத்தாகக் கையில் காட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க மாட்டீர்கள். ஒரு ஆளைக் கொஞ்ச நாள் பார்ப்பீர்கள், அவரிடம் எது கண்ணில் நிற்கிறதோ அதையே பெயராக வைத்துவிடுவீர்கள். அம்மாவின் பெயர் மூக்குத்தியைத் தொடுவது. உன் பெயர் கன்னத்துக் குழியில் விரலை வைப்பது. இந்தப் பெயரை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது, கெஜட்டில் போட்டு மாற்றவும் முடியாது. நம்மைப் பார்த்தவர்கள்தான் வைக்க வேண்டும். எனக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பது இந்தத் தை மாதம் வரை எனக்குத் தெரியாது. இரண்டு உள்ளங்கையையும் கீழ்நோக்கி வைத்து, எதையோ அமுக்குவது போல இறக்குவது. கையை இறக்கு. அதுதான் உன் மொழியில் உன் அப்பன் பெயர்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நானே என் வாயால் ஒருமுறையாவது சொல்ல வேண்டும். பக்கத்து வடக்குத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு எட்டு வருஷம் நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, பர்மனென்ட் ஆகி, கன்வேயர் பெல்ட்டில் ஆளாகி, இந்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்த கையோடு நீ பிறந்தாய். ஷிஃப்ட் மாறச் சங்கு ஊதும்போது அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் வீறிட்டு எழுந்திருக்கும். நீ அசைய மாட்டாய். "எங்க புள்ள சங்குக்குக்கூட அசையாது, அவ்ளோ சமத்து" என்று பிளாக் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒன்றரை வயது வரைக்கும் பீற்றினேன். அம்மாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அவள் சொன்னபோது அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு டாக்டர் சொன்னார். அவர் மேல் எரிந்து விழ முடியவில்லை, வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு இடத்துக்கு வாரா வாரம் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். அங்கே இருந்த டீச்சரம்மா நல்லவர்தான், அக்கறையாகத்தான் சொன்னார். கையால் பேச விட்டால் வாய் சோம்பேறியாகிவிடும், கேட்டதைக் கொடுக்காதீர்கள், வாயால் சொன்னால் மட்டும் கொடுங்கள் என்றார். எனக்குத்தான் எதையும் பாதியில் விடத் தெரியாதே. அவர் ஒரு மணி நேரப் பயிற்சிக்குச் சொன்னதை நான் வீட்டுச் சட்டமாக்கிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் உன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும். கை மேலே வந்தால் நான் என் இரண்டு கையையும் காட்டி இறக்கு என்பேன். இறக்கவில்லை என்றால் ஒரு தட்டு. ஐந்து வயதில் ஒரு நாள் நீ "ப்பா" என்றாய். மறுநாள் ஷிஃப்டில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அது அப்பா என்று உனக்கு அப்போது தெரியவே தெரியாது, உதட்டை அப்படி ஒட்டித் திறந்தால் கையை வெளியே எடுக்க விடுகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும் என்று பல வருஷம் கழித்து நீ எழுதிக் காட்டினாய். அன்றைக்கு அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் காட்டவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், வேலையில் நானே கையால்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெல்ட் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து. ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சுற்றினால் ஓட விடு. உள்ளங்கையைச் சாய்த்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. இதெல்லாம் கம்பெனி சொல்லிக் கொடுத்தது. மீதியை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். ஹெல்மெட்டை இரண்டு தட்டு தட்டினால் ஆபீசர் வருகிறார். என் கூட்டாளி சேத்தியாத்தோப்பு சலீம் பாய், அவர் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த கதை முழுவதையும் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி கையாலேயே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியைக் குறை சொன்னது உட்பட. நான் இந்தப் பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். எட்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, கையால் பேசிய பிள்ளையின் கையில் அடித்தேன். இரண்டும் ஒன்று என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. அது வேலை, இது வீடு. அவ்வளவுதான் என் மண்டைக்கு எட்டியது.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு மைன்ஸுக்குள்ளே போனோம். இயந்திரங்களுக்கு மாலை போட்டு, பொரி கொடுத்தார்கள். கூட்டத்தில் சலீம் பாய் ரொம்ப தூரத்தில் நின்றிருந்தார். பழக்க தோஷம், இங்கேயிருந்தே கையால் அவரிடம் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ கிண்டல் செய்தார், நான் பதிலுக்குக் கிண்டல் செய்தேன். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அது ஞாபகமே இல்லை. கடைசி வருஷப் படைப்புக்காக நீ காலேஜில் எழுதிக் கொடுத்த குறிப்பில்தான் அதைப் படித்தேன். "என் அப்பாவுக்குக் கையால் பேசத் தெரியும். வேலையில் மட்டும் பேசுவார்." இரண்டே வரி. பதினேழு வருஷம் இதை மனதில் வைத்திருந்தாயா, பவி?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒத்துவரவில்லை என்று பதினோரு வயதில் காது கேளாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே போன முதல் நாள் பிள்ளைகள் உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டார்களாம், நீ அதைச் செய்து காட்டினாயாம். பொங்கலுக்கு வந்தபோது நீ வேறு பிள்ளையாக வந்தாய். கை பறந்தது. முகமெல்லாம் பேசியது. அம்மா உன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விடிய விடியக் கற்றுக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நீ கேட்டிருக்கவும் மாட்டாய். ஆனால் பார்க்கவும் இல்லை. பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். வாய் பேசுகிறவனிடம் பேப்பரைப் பிடித்தால் காதாவது திறந்திருக்கும். உன்னிடம் பிடித்தால் கதவைச் சாத்தியது மாதிரி. அதை அறிந்தே செய்தேன். கோபமா, தோற்றுப்போன வெறுப்பா, தெரியவில்லை. என் அப்பா ஊரார் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். வரப்பில் நிலத்துக்காரர் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் நான் மைன்ஸுக்கு ஓடி வந்தேன். ஓடி வந்து குவார்ட்டர்ஸ் வாங்கி, என் வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையைக் கைகட்ட வைத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

சரி, தை மாதக் கதைக்கு வருகிறேன், அது எனக்குப் பிடித்த கதை. மொழியைப் பற்றி ஒரு கலைப் படைப்பு, நான்கு பேர் சேர்ந்து செய்கிறோம், நெய்வேலியில்தான் செய்யப்போகிறோம் என்று நீ அம்மாவிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. பத்து நாளைக்கு நம் வீட்டில் நான்கு பேர். நாகாலாந்து மலையிலிருந்து அசென்லா, காஷ்மீரில் ஆடு மேய்க்கிற குடும்பத்திலிருந்து இர்ஃபான், ஒடிசாவிலிருந்து உன்னைப் போலவே காது கேளாத தேபாஷிஷ், அப்புறம் நீ. இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் எத்தனை மொழி ஓடியது என்று நானும் எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். அசென்லா இந்தியில் பேசுவாள், நான் மைன்ஸில் கற்ற ஓட்டை இந்தியில் பதில் சொல்வேன், இர்ஃபான் உங்கள் இரண்டு பேருக்கும் கையால் சொல்வான், தேபாஷிஷின் ஒடிசாக் கையும் உன் தமிழ்நாட்டுக் கையும் சில இடத்தில் ஒத்துப்போகாமல் சண்டை வரும், அம்மா நடுவில் தோசைக் கரண்டியோடு நின்று பஞ்சாயத்து செய்வாள். அந்தப் பத்து நாளும் நான் பேப்பரே வாங்கவில்லை. அம்மா சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்ததை ரொம்ப வருஷத்துக்குப் பிறகு கேட்டேன்.

இரண்டாம் நாளே கவனித்துவிட்டேன். தேபாஷிஷ் என்னைப் பற்றி உன்னிடம் ஏதாவது கேட்கும்போதெல்லாம் உள்ளங்கையைக் கீழே அமுக்கிவிட்டு என்னைக் காட்டுவான். இர்ஃபானும் அப்படியே. உன் முகம் மாறும், அவன் கையைத் தட்டிவிடுவாய். நீங்கள் படைப்பை அமைக்கச் சமுதாயக் கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். அவள் பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அது உங்க பேருங்க" என்றாள். "பன்னெண்டு வருசமா அதாங்க உங்க பேரு."

"நீ ஏன்டி சொல்லல?"

"நீங்க எங்க பாத்தீங்க, சொல்றதுக்கு?"

அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் சலீம் பாய் நின்றார். என்னாச்சு என்று மூன்று தடவை கையால் கேட்டார். பெயர் என்று சொல்ல எங்கள் கையில் வார்த்தை இல்லை. மீசை, கம்பீரம், உழைப்பு, இப்படி ஏதாவது ஒன்றை வைத்திருப்பாய் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்திருக்கிறது போல. இருந்தது என்பதே அது உடைந்தபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் நீ கேட்டதற்காக சலீம் பாயும் நானும் சமுதாயக் கூடத்துக்கு வந்தோம். மைன்ஸ்காரர்களின் கையை அச்செடுக்க வேண்டும் என்றாய். பல் டாக்டர்கள் அச்செடுக்கிற மாவைப் பக்கெட்டில் கரைத்து, கையை முழங்கை வரை விடச் சொன்னாய். இறுகுகிற வரைக்கும் அசைக்கக் கூடாது என்று எழுதிக் காட்டினாய். எனக்கு இரண்டு கையும் இரண்டு பக்கெட்டில். நீ குனிந்து மாவின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் எனக்கு வலது விரலில் ஏதோ இழுத்துப் பிடித்தது. பவி என்று கூப்பிட்டேன். நீ நிமிரவில்லை. நீ எப்படி நிமிர்வாய்? கையை ஆட்டி உன்னைக் கூப்பிட வேண்டும், கை பக்கெட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தோளைத் தொட வேண்டும், முடியாது. மறுபடி சத்தமாகக் கூப்பிட்டேன். ஒரு முழம் தள்ளி என் பிள்ளை இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழி இல்லை. "என்னாப்பா, கைய உட்டுட்டு திருதிருன்னு முழிச்சிகினு இருக்க" என்று சலீம் பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நிமிஷம்கூட இருக்காது அது. உனக்குப் பத்து வருஷம். தினம் மூன்று வேளை.

அச்சை உடைத்துக் கையை வெளியே எடுத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். மாவு எரிகிறதா என்று நீ பதறிப்போய்க் கேட்டாய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இப்போது சொல்கிறேன், மாவு எரியவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் இந்த டவுன்ஷிப்பில் எத்தனையோ விழா பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வாசலில் நீ விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றாய். உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது, ஒரு எழுத்தும் எங்கேயும் எழுதியிருக்காது. வாசலிலிருந்து மேடை வரை பழைய கன்வேயர் ரப்பரை விரித்து, அதன் மேல் எங்கள் ஆட்களின் வெள்ளைக் கைகளை வரிசையாக நிறுத்தியிருந்தாய். நிறுத்து, ஓட விடு, ஆபீசர் வருகிறார், டீ வந்துவிட்டது. வலது பக்கம் அசென்லாவின் மரம். அவர்கள் ஊரில் பெரிய மரத்தைக் குடைந்து முரசு செய்து, நெருப்புக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று மலைக்கு மலை செய்தி சொல்வார்களாம். அவள் வடக்குத்து ஆசாரியிடம் ஒரு பனந்துண்டைக் குடைந்து வாங்கியிருந்தாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்தால் காது கேளாதவர்களுக்கும் அடி தெரிந்தது. இர்ஃபான் வீட்டில் ஆட்டுக்குச் சொல்கிற சீட்டியை ஊத, மேலே தொங்கிய மெல்லிய காகிதங்கள் ஒவ்வொரு சீட்டிக்கும் ஒவ்வொரு விதமாக ஆடின. தேபாஷிஷ் என் பூட்ஸில் ஒட்டி வந்த பழுப்பு நிலக்கரியைக் குழைத்து, நாலு ஊர்க்காரர்கள் அம்மா என்று எப்படிக் கையால் சொல்கிறார்கள் என்று ஆளுயரத்துக்கு வரைந்திருந்தான். யாரும் மொழி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாத மொழிகளையெல்லாம் நாலு பிள்ளைகள் ஒரு கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்கள். எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் முப்பது வருஷம் பேசியதை யாரோ முதல்முறையாக மரியாதையாக எடுத்து வைத்தது போல இருந்தது. அந்த யாரோ என் பெண். நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும், சொல்.

உன்னை ஊமைப் பிள்ளை என்றே இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா, கூட்டத்தில் தன் மருமகளைத் தவறவிட்டுவிட்டு, வாய் திறக்கவும் முடியாமல், கையால் கேட்கவும் தெரியாமல் திண்டாடியதை அம்மா வீட்டுக்கு வந்து மூன்று தடவை நடித்துக் காட்டினாள். பெரிய ஆபீசர் ஒருவர் ஒரு வெள்ளைக் கையைப் பார்த்து அதே மாதிரி செய்ய முயல, சலீம் பாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார். வேலையில் அவர் முன்னால் நாங்கள் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். அன்றைக்கு அவர்தான் எங்களிடம் பாடம் கேட்டார்.

கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் காது கேளாதவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் என்னுடைய இரண்டு கைகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். யாருடையது என்று உன்னிடம் கேட்டார். நீ ஒரு நொடி தயங்கினாய், என் பக்கம் பார்த்தாய். பிறகு உள்ளங்கை இரண்டையும் கீழே அமுக்கினாய். ஊரே கூடியிருக்கிற இடத்தில் என் பெயரைச் சொன்னாய். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி அந்த வெள்ளைக் கைகளைப் பார்த்தார். உன்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நீ எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாதான் சொன்னாள். "இவ்வளவு அழகாப் பேசற கையா அப்படிச் சொல்லுச்சுன்னு கேட்டாருங்க."

மறுநாள் பஸ் நிலையத்தில் நீ ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சுற்றி, என்னைக் காட்டினாய். ஓட விடு. என் வேலையிலிருந்தே ஒரு வார்த்தையை எடுத்து எனக்குப் பெயராகக் கொடுத்தாய். பவிம்மா, அதைவிட நல்ல பெயர் யாருக்கும் கிடைக்காது. எனக்கு அப்படியே உன் காலில் விழலாம் போல இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். பழைய பெயருக்காக உன்னை மன்னிக்க முடியாமல் இல்லை, உன்னிடம் மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தப் புதுப் பெயருக்கு ஏற்றதாக நான்தான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. பக்கெட்டில் பத்து நிமிஷம் கை வைத்தேன், கூடத்தில் ஒரு மாலை பெருமைப்பட்டேன். அதற்குப் பன்னிரண்டு வருஷப் பெயரை அழித்துவிட்டால் எனக்கு ரொம்ப மலிவாகப் போய்விடும். நீ நல்ல பிள்ளை, நல்ல மனநிலையில் இருந்தாய், கொடுத்துவிட்டாய். அதை நான் வாங்கிக்கொண்டிருந்தால் பழையபடி எதையும் பூசி மெழுகுகிற ஆளாகவே இருந்திருப்பேன்.

இன்னொரு காரணம், உன் வேலை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் போன்ற அப்பன்கள் வருவார்கள். பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பார்கள், அதனாலேயே கையைப் பிடித்து அமுக்குவார்கள். அவர்களிடம் நீ கோபப்பட்டால் விறைத்துக்கொண்டு போய்விடுவார்கள், எனக்கு என் ஜாதகம் தெரியும். பாடம் நடத்தாதே. ஒரு பக்கெட் மாவைக் கரைத்து, இரண்டு கையையும் விடச் சொல். இறுகுகிற வரைக்கும் அவர்கள் பிள்ளையை எதிரில் உட்கார வை, வேறு பக்கம் பார்த்தபடி. அவ்வளவு போதும். அப்புறம் என் பெயரைச் சொல், அது எப்படி வந்தது என்று சொல். அதற்காகவாவது அந்தப் பெயர் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளவில்லை என்று உன் அப்பனைப் போல் எரிந்து விழாதே, அந்த மூக்கு நுனிக் கோபம் உனக்கும் இருக்கிறது. தேபாஷிஷைப் பற்றி அம்மா உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம், நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் பஜார் டீக்கடை முன்னால் கூடுகிற உங்கள் ஆட்களோடு போய் உட்காருகிறேன். இரண்டு வாரமாகிறது. என்னை எல்லாரும் கேலி செய்கிறார்கள். நான் கையால் கத்துகிறேனாம். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குச் சொல்லிச் சொல்லி என் கை அவ்வளவு பெரிதாகிவிட்டது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் பேசும்போது டீ கிளாஸைத் தட்டிவிடுகிறேன். மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஏழு மாதத்தில் எனக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்துக்குப் போவோம். போவதற்கு முன்னால் ஒரு வாரம் உன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். உன் வகுப்புப் பிள்ளைகளிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லி வைக்காதே, உன் அப்பா என்றும் சொல்லாதே. நான் அவர்களோடு உட்கார்ந்து தப்பும் தவறுமாகப் பேசுகிறேன். ஒரு வாரம் அவர்கள் என்னைப் பார்க்கட்டும். தொப்பையோ, வழுக்கையோ, டீ கிளாஸைத் தட்டுகிறவனோ, எது கண்ணில் நிற்கிறதோ அதை வைக்கட்டும். நீ கொடுத்தால் அதில் பாசம் கலந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு என் மேல் பாசம் கிடையாது, பார்த்ததைத்தான் சொல்வார்கள். அது எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். அடியில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன வீடியோ வரும். அதில் நான் நின்றுகொண்டு என் பெயரைச் சொல்கிறேன். உள்ளங்கை இரண்டையும் கீழே அமுக்குகிறேன், பிறகு கன்னத்தில் விரலை வைத்து உன் பெயரைச் சொல்லி, அவள் அப்பா என்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. பத்துத் தடவை எடுத்தோம். கையால் கத்தாமல் வந்தது இது ஒன்றுதான்.